பன்பாய் வாங்கப் போகிறீர்களா? கையில் ஒரு நூல்கயிறும் ஈரத்துணியும் இருக்கட்டும்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பன் என்னும் கோரையில் கையால் இழைத்து விற்கப்படும் பன்பாயைப் பற்றிய மதிப்பீடு இது. ஒரு கடையையோ ஒருவருடைய கைவேலையையோ தனியே எடுத்துப் பேசவில்லை. கடைத்தெருவிலும் இழைப்பவர்களின் வீட்டு வாசலிலும் சுருட்டி நிறுத்தியிருக்கும் பாய்களில் நல்லது எது, ஏமாற்றுவது எது என்பதுதான் விடயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நன்றாகக் காய்ந்த பன்னில் இரண்டு விட்டு இரண்டாக நெருக்கி இழைத்த பாய், படுக்கவும் சபையில் விரிக்கவும் எங்கள் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பாய் கிடையாது. அரைகுறையாகக் காய்ந்த பன்னில் இழைத்தது எவ்வளவு வடிவாக இருந்தாலும் ஒரு மாரியைத் தாண்டாது. இரண்டும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இராது. அதனால் பார்த்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பொருள். பன் என்ற பேரில் இங்கே வெட்டப்படுவது ஒரே செடி அல்ல. குளத்து ஓரத்திலும் வட்டைகளின் (வயல்வெளிகளின்) தாழ்ந்த மூலைகளிலும் வளரும் கோரை இனங்கள் சில. பாய்க்கு உகந்தது சைபீரஸ் இனத்தது. தண்டு அடியில் உருண்டையாகவும் நுனியை நெருங்க மழுங்கிய முப்பட்டையாகவும் இருக்கும். நடுவில் கணு கிடையாது. உள்ளே காற்றறைகள் நிறைந்த பஞ்சுத்தன்மையான சோறு. சேற்றில் நிற்கும் வேருக்குக் காற்றை இறக்குவதற்காகச் செடி தனக்கென வைத்திருக்கும் அமைப்பு அது. காய்ந்த பிறகு அதே காற்றறைகள்தான் முதுகுக்கு மெத்தையாகின்றன. தரையின் கூதலை மேலே விடாது, வியர்வையையும் உறிஞ்சி மெல்ல விடும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் பிளாஸ்டிக் பாயில் முதுகு ஒட்டிக்கொள்வதும் பன்பாயில் ஒட்டாததும் இதனால்தான்.

வெளிநாட்டு இணையக் கடைகளில் ரஷ் பாய் என்று வருவது இதனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. செடி வேறு. அது ஜங்கஸ் இனம், முப்பட்டை இல்லாத உருண்டைத் தண்டு. அந்த இனத்தின் பெரும்பகுதி குளிர்ந்த, ஈரமான நிலங்களுக்குரியது. ஸ்கொட்லாந்து மலைகள், ஸ்கண்டிநேவியா, அல்ப்ஸ் ஆகிய இடங்களின் கசிவு நிலங்களில் வளரும் ஜங்கஸ் ட்ரைகுளூமிஸ் ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவதே அரிது. அங்கே செடி வளரக் கிடைப்பது கோடையின் சில மாதங்கள் மட்டுமே. பாய்க்கு வேண்டிய நீளம் அதில் வராது. பாயாகிறது ஜங்கஸ் எஃபியூசஸ். ஜப்பானின் குமமோட்டோவில் வயலில் நட்டு வளர்த்து, அறுத்ததும் களிமண் கரைசலில் தோய்த்து உலர்த்தி, தறியில் நெய்து தத்தமி விரிப்பாக்குகிறார்கள். களிமண் பூச்சு சீராக உலரவும் நிறமும் மணமும் நிற்கவும் உதவுகிறது. அந்த விரிப்பு மிக நேர்த்தியானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழை, பருத்தி நூல் அல்லது சணல் நூல். எங்கள் மாரி ஈரத்தில் புல் கெடாவிட்டாலும் நூல் முதலில் கெடும், நூல் விட்டால் பாய் முழுவதும் விடும். பன்பாயில் நூலே இல்லை. குறுக்கும் நெடுக்கும் பன்தான். ஒரு தண்டு முறிந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம்: வெட்டும் உலர்த்தலும். பாயின் ஆயுளில் பெரும் பங்கு இழைக்கத் தொடங்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. விதை முற்றும் முன் வெட்டிய தண்டு வளையும். முற்றிய பிறகு வெட்டியது நார் தடித்து, பழுப்புப் புள்ளி விழுந்து, மடித்தால் முறியும். வெட்டும்போது அடிக்கட்டை தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். கட்டை முழுகிப்போனால் வெட்டிய வாய் வழியாகக் காற்றறைகளுக்குள் தண்ணீர் இறங்கி வேர்த்தண்டு மூச்சடைத்து அழுகும், அடுத்த வெட்டுக்குத் துளிர் வராது. அவசரத்தில் ஆழ வெட்டிய இடங்களில் பன் நின்ற நிலம் ஆற்றுவாழை என்னும் நீர்க்களைக்குப் போய்விடுகிறது.

வெட்டிய பன்னை நீளம் பார்த்துப் பிரித்து, அடி ஒரு பக்கம் நுனி ஒரு பக்கமாகப் பரப்பி வெயிலில் போட வேண்டும். குவியலாகப் போட்டால் நடுவில் சூடேறிப் புழுங்கி மஞ்சள் கறுப்பாகும். தினமும் புரட்ட வேண்டும், மாலையில் பனி படுமுன் கட்டி உள்ளே எடுக்க வேண்டும். நல்ல வெயிலில் சில நாட்களிலேயே தண்டு சலசலக்கும் பதத்துக்கு வரும். நடுவில் ஒரு மழை நனைத்துவிட்டால் அந்தக் கட்டில் கறுத்த பொட்டுகள் விழும். பொட்டு விழுந்த பன் பார்வைக்கு மட்டுமா குறை என்றால், இல்லை. பூஞ்சணம் ஏற்கெனவே குடியேறிவிட்டது என்பதன் அடையாளம் அது. சாயம் தோய்த்துப் பொட்டை மறைக்கலாம், பூஞ்சணத்தை மறைக்க முடியாது. மார்கழியில் அது தன்னைக் காட்டும்.

போதாமல் காய்ந்த பன்னில் இழைத்தால் நடப்பது வேறு. இழைக்கும்போது கைக்கு மிக இசைவாக இருக்கும், பாயும் நெருக்கமாகத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மிச்ச ஈரமும் போய்த் தண்டு ஒடுங்கும். ஒவ்வொரு தண்டும் மயிரிழை ஒடுங்கினாலே பாய் முழுவதும் கண்விடும். ஒளியில் பிடித்தால் சல்லடைதான். இதைக் கடையிலேயே பிடிக்க ஒரு வழி உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு மூன்று பாய்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் கனக்கிறதா? பின்னல் தடிப்பு வித்தியாசமில்லாமல் கனக்கிறதென்றால் அது ஈரத்தின் கனம். விளிம்பிலுள்ள ஒரு தண்டை நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் ஈரம் இருக்கிறது. அழுத்தம் விட்டதும் மீண்டால் பதம் சரி. நகம் பட்டதும் தோல் வெடித்தால் அளவுக்கு மிஞ்சி வெயில் கண்டது. மணமும் பொய் சொல்லாது. காய்ந்த வைக்கோலின் மணம் வர வேண்டும். புளிப்பும் சேறும் கலந்த வாடை வந்தால் அந்தப் பாயை வைத்துவிட்டு வாருங்கள், வெயிலில் போட்டால் போய்விடும் என்று யார் சொன்னாலும் சரி.

இழைப்பதற்கு முன் தண்டை மரத்தடியால் தட்டி அமுக்குவார்கள். அளவாகத் தட்டியது தட்டையாகி நெருங்கி அமரும். தோல் நீளவாக்கில் பிளக்கும்வரை தட்டியது சாரத்திலும் சேலையிலும் சிலும்பு பிடிக்கும். உள்ளங்கையைப் பாயின் மேல் இரண்டு திசையிலும் தடவிப் பார்த்தால் தெரியும்.

பின்னலில் இரண்டு வகை. ஒன்று விட்டு ஒன்றாக எடுப்பது விரைவில் முடியும், விலையும் குறைவு, நெல்லோ மிளகாயோ காயப்போடப் போதும். இரண்டு விட்டு இரண்டாக எடுப்பதில் ஒவ்வொரு தண்டும் நீளமாகக் கிடப்பதால் மிருதுவாக இருக்கும், நெருக்கியும் தள்ள முடியும், கோலமும் வரும். படுக்கைக்கு இரண்டாவதைத்தான் சொல்வோம். சபைக்கும் அதுவே. ஒரே தட்டைச் சுற்றி இருந்து உண்ணும் சகன் விருந்துக்கு ஆட்கள் வட்டமாகச் சம்மணமிட்டு இருக்கையில் முழங்காலும் கணுக்காலும் ஒரே இடத்தில் அழுத்தும், ஒற்றைப் பின்னல் அங்கே முதலில் பிரியும்.

பின்னலில் பலர் கவனிக்காத குறை ஒன்று உண்டு. பன்னின் அடி தடிப்பு, நுனி மெலிவு. இழைக்கையில் ஒரு தண்டின் அடியை இப்பக்கமும் அடுத்ததன் அடியை அப்பக்கமுமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். சோம்பலில் எல்லா அடியையும் ஒரே பக்கம் போட்டால் அந்தப் பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கும், பாய் விசிறி விரிந்த தோற்றத்துக்குப் போய்விடும். இப்படிக் கோணிய பாய் விரித்த இடத்தில் ஒருபோதும் படியாது. ஒரு மூலை எப்போதும் தூக்கும், தூக்கிய மூலையில் கால் இடறும், அங்கேயே கிழியும்.

கண்ணளவில் இது தெரியாது. அதற்குத்தான் நூல்கயிறு. எதிரெதிர் மூலைகளுக்கு நூலைப் பிடித்து நீளத்தை முடிச்சிடுங்கள், பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் அதே நூலைப் பிடியுங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். 6 அடிக்கு 4 அடிப் பாயென்றால் மூலைக்கு மூலை 7 அடி 2½ அங்குலம் வரும், 6 அடிக்கு 3 அடியென்றால் 6 அடி 8½ அங்குலம். கைவேலையில் ஓர் அங்குலம் முன்பின் இருப்பது குறையே அல்ல. இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் வேறு பாய் பாருங்கள். அகலங்களையும் இரு முனையிலும் தனித்தனியே அளக்க வேண்டும், ஏனெனில் ஒரு முனை ஒடுங்கி மறு முனை ஒழுங்காக விரிந்த பாயிலும் மூலைக்கு மூலை அளவு சமமாக வரக்கூடும்.

பெரிய பாய்க்கு ஒரு தண்டின் நீளம் போதாது, ஒட்டு வரும். ஒட்டு இருப்பது தவறல்ல, எங்கே எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. புதுத் தண்டு பழையதன் மேல் குறைந்தது நான்கைந்து குறுக்குக்கு ஒன்றாக ஓட வேண்டும். இரண்டு குறுக்கோடு நிறுத்தினால் முதல் சுருட்டலிலேயே நழுவும். ஒட்டுகள் பாய் முழுவதும் சிதறி இருக்க வேண்டும், ஒரே வரிசையில் வந்தால் அந்த வரியில் பாய் மடிந்து கிழியும். பாயைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள், எல்லாம் அங்கே தெரியும். விளிம்பில் தண்டுகள் உள்ளே மடித்துச் செருகப்பட்டிருக்க வேண்டும். துணிப்பட்டி வைத்துத் தைத்த விளிம்பு அழகாகத்தான் இருக்கும், ஆனால் மடித்துச் செருகிய பிறகு தைத்ததா, வெட்டிய முனையை மறைக்கத் தைத்ததா என்று பட்டியை விரலால் நெருடிப் பார்க்க வேண்டும். உள்ளே தடிப்பாகத் தட்டுப்பட்டால் மடிப்பு இருக்கிறது.

மலிவுப் பாய் சிலவற்றில் பன்னோடு சம்புத்தாள் (சம்பு என்ற நீர்ப்புல்லின் இலை) கலந்திருக்கும். சம்பு அகன்று தட்டையாக இருப்பதால் வேலை விரைவில் முடியும். மடிப்பில் கீறி உதிரும் என்பதால் படுக்கைப் பாய்க்கு வேண்டாம்.

சாயம். பழைய முறையில் சிவப்புக்குப் பதங்கிக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள், கறுப்புக்குக் கடுக்காயோடு இரும்புச் சத்துள்ள சேறு. இப்போது பெரும்பாலும் சிறு பொதிகளில் வரும் தூள் சாயம்தான். தூள் சாயமே கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கொதிக்கும் சாயத் தண்ணீரில் போதிய நேரம் கிடந்து, பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்ந்தால் அது நிற்கும். கெடுப்பது அலசாமல் விடுவது. உள்ளே இறங்காத சாயம் தோலின் மேல் தூளாகவே இருந்து, வியர்வை பட்டதும் தலையணை உறைக்கும் வெள்ளை உடுப்புக்கும் ஏறும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து நிறத்தண்டின் மேல் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். இலேசாகச் சாயல் படிவது பரவாயில்லை. விரலளவுக்குக் கறை தெளிவாக விழுந்தால் அது சுவரில் தொங்கவிட மட்டுமே ஆகும். கைக்குழந்தைக்கு வாங்குவதென்றால் சாயமில்லாத பாயையே எடுங்கள். எங்களுக்குப் பிடித்ததும் அதுதான்; பச்சை கலந்த வைக்கோல் நிறம் ஓர் ஆண்டில் தேன் நிறமாகும்.

மற்றப் பாய்களோடு வைத்துப் பார்த்தால், பனையோலைப் பாய் முரடு, தானியம் காயப்போட அதை மிஞ்ச எதுவுமில்லை, முதுகுக்கு ஆகாது. தாழம்பாய் நீண்டு உழைக்கும், நன்றாக வளையும், ஆனால் முள் சீவிய ஓரம் சரியில்லையென்றால் உறுத்தும். பிளாஸ்டிக் பாயைக் கழுவலாம், வெளியே மழையில் விடலாம், விலையும் குறைவு. நோயாளி படுக்கும் இடத்துக்கும் அடிக்கடி நனையும் இடத்துக்கும் பிளாஸ்டிக்கே சரி. அதில் வீண் பெருமை பார்க்கத் தேவையில்லை. பன்பாய்க்கு ஒத்துவராத இன்னோர் இடம் மாபிள் தரை. வழுக்கும். பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி அடிப்பக்கம் நான்கு மூலையிலும் தைத்துவிட்டால் நிற்கும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை அதிகமில்லை. அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைக் கத்தரியுங்கள், ஆனால் ஒட்ட வெட்ட வேண்டாம். கால் அங்குலம் விட்டால்தான் நழுவாது. வெட்டுமுன் ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தால் முனை வெடிக்காது. பாயை எப்போதும் சுருட்டுங்கள், மடிக்காதீர்கள். மடித்த கோட்டில் காற்றறைகள் நசுங்கி நார் உடைகிறது, அந்தக் கோட்டிலேயே பின்னர் கிழிகிறது. ஒவ்வொரு முறையும் சுருட்டும் திசையை மாற்றினால் ஓரம் சுருண்டு நிற்காது.

தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும் பழக்கம்தான் நல்ல பாய்களைக் கொல்கிறது. தூசியைத் தட்டி, பிழிந்த துணியால் தண்டு ஓடும் திசையில் துடைத்து, உடனே காற்றில் விரித்தால் போதும். சவர்க்கார நுரை தேவையென்றால் அந்த இடத்தில் மட்டும். விருந்தில் எண்ணெய் சிந்தினால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் தண்டின் உள்ளே இருக்கும் சோற்றுக்குள் இறங்கும். கோதுமை மாவைத் தடிப்பாகத் தூவி ஒரு மணித்தியாலம் விட்டுத் தட்டி எடுங்கள், வேண்டுமானால் மறுபடியும் ஒருமுறை. கறியின் மஞ்சள் கறை வேறு வகை; எண்ணெயை எடுத்த பின் காலை வெயில் பட வைத்தால் தானாக மங்கும், மஞ்சளின் நிறப்பொருள் வெயிலுக்குத் தாங்காது. மற்றபடி கடும் வெயிலில் நாள் முழுதும் போட வேண்டாம். சாயமும் வெளிறும், தண்டும் நொறுங்கும்.

ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை பாய்க்குச் சோதனைக் காலம். தரையில் விரித்தபடியே விடாதீர்கள். காலையில் எடுத்துச் சுருட்டாமல் கொடியிலோ கதவின் மேலோ அரை மணித்தியாலம் காற்றாட விட்டுப் பிறகு சுருட்டி, தரையில் முட்டாமல் நிறுத்துங்கள். சுவரோடு ஒட்டி நிறுத்தினால் சுவர் ஈரமும் கறையானும் சேர்ந்து வரும். சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் தட்டி, வினாகிரி ஒரு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்த துணியால் துடைத்து உலர்த்துங்கள். சாயப்பாயென்றால் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பாக உள்ளிறங்கிய பூஞ்சணத்துக்கு மருந்தில்லை. மூச்சு இழுப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அதை வைத்திருக்கவே வேண்டாம்.

முறிந்த தண்டை மாற்ற, புதுப் பன் ஒன்றை நனைத்த துணியில் சுற்றி வைத்து மெதுவானதும், முறிந்த இடத்துக்கு இருபுறமும் ஐந்து ஐந்து குறுக்கு தாண்டிப் பழைய தண்டின் வழியே செருக வேண்டும். அதற்கென்று பாய் வாங்கும்போதே அதே கட்டிலிருந்து ஒரு கைப்பிடி பன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பன் நின்ற தாழ்நிலங்கள் வயலாகவும் வளவாகவும் மாறி வருகின்றன, மிச்சத்தை ஆற்றுவாழை மூடுகிறது. உப்புத் தண்ணீர் ஏறும் களப்போரத்தில் வெட்டிய பன் குட்டையாக வரும். அதில் படிந்த உப்பு காய்ந்த பிறகும் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். ஆகவே நல்ல பன்னுக்கு இழைப்பவர்களே தூரம் போக வேண்டியிருக்கிறது, அல்லது கட்டுக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வெட்டு, உலர்த்தல், சாயம், தட்டல் எல்லாம் முடிந்து பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே குனிந்திருந்து பல நாட்கள் இழைத்த பாய்க்கு, இடையில் நிற்கும் வியாபாரி கொடுப்பது மிகக் குறைவு. முடிந்தவரை இழைத்தவரின் கையிலிருந்தே வாங்குங்கள். குறையைக் காட்டிப் பேரம் பேசுவது நியாயம். குறையில்லாத பாய்க்குப் பிளாஸ்டிக் பாயின் விலையைக் காட்டிப் பேரம் பேசுவது நியாயமே இல்லை.

சொல்லி இழைப்பிப்பதாக இருந்தால் சிறுபோக வெயில் காலத்திலேயே சொல்லிவிடுங்கள், ஆனி ஆடியில் காய்ந்த பன்தான் சிறந்தது. நீளம் அகலத்தை அடிக்கணக்கில் எழுதிக்கொடுத்து, இரண்டு விட்டு இரண்டு, சம்பு கலக்காமல், அடி நுனி மாற்றி, விளிம்பு மடித்துச் செருகி என்று நான்கையும் வாயால் சொல்லி உறுதிப்படுத்துங்கள். முற்பணமாகப் பன் வாங்கும் செலவையாவது கொடுக்க வேண்டும். கார்த்திகையில் போய் அவசரமாகக் கேட்டால் கிடைப்பது ஈரப்பன் பாய்தான், அதற்கு இழைத்தவரைக் குறை சொல்ல முடியாது.